பத்து மீட்டருக்கு அப்பால்

பக்கவாதத்துக்குப் பிந்தைய நடையை மருத்துவமனைகள் பெரும்பாலும் ஒரு கடிகாரத்தைக் கொண்டே அளக்கின்றன. 10 மீட்டரைக் கடக்க நோயாளிக்கு எத்தனை நொடி ஆகிறது என்பதே கணக்கு. அமெரிக்க மருத்துவர் ஜாக்குலின் பெரியும் அவர் குழுவினரும் 1995இல் வகுத்த எல்லைகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. நொடிக்கு 0.4 மீட்டருக்குக் குறைந்தால் நடமாட்டம் வீட்டோடு சரி, 0.8ஐத் தாண்டினால் ஊருக்குள் தாராளமாகப் போய்வரலாம்.

தாழ்வாரத்தில், பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்க, நடந்துகாட்டுவது முடிகிற நடை. அன்றாடம் நடக்கிற நடை வேறு. தாமிரபரணிக் கரை ஊர்களில் அது உயர்ந்த வாசற்படியையும் ஈரமான படித்துறையையும் வயல் வரப்பையும் கடக்க வேண்டியது. கால் விளங்காதவருக்கு முன்பாதம் தொங்கும், செருப்பு தானாகக் கழன்றுவிடும், காலை வெளிப்பக்கம் வீசித்தான் எடுத்துவைப்பார். விழுந்துவிடுவோமோ என்று திண்ணையைவிட்டு இறங்காதவரும் சோதனையில் நல்ல நேரம் காட்டிவிட முடியும். உடலில் அணியும் சென்சார் அளப்பது இந்த இடைவெளியைத்தான்.

அதனுள் இருப்பவை, செல்போனைத் திருப்பினால் திரையும் திரும்பச் செய்கிற அதே வகைச் சில்லுகள். ஒன்று வேகமாற்றத்தையும் மற்றொன்று சுழற்சியையும் பதிவு செய்கின்றன. எங்கே கட்டுவது என்பதில்தான் சூட்சுமம். ஊன்றுகோல் பிடித்த கையும் செயலிழந்த கையும் வீசி நடப்பதில்லை; ஆகவே கைக்கடிகாரக் கருவி பல அடிகளைத் தவறவிடும். மெதுவான நடையில் இடுப்புக் கருவிக்கும் அதே கதி. காலணிக்குள் பொருத்துபவை, வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் ஊருக்கு ஒத்துவராது. கொலுசு கிடக்கும் இடமே பொருத்தமானது. இரு கணுக்காலிலும் கட்டினால் எந்தக் கால் எவ்வளவு நேரம் தரையில் ஊன்றுகிறது என்ற ஏற்றத்தாழ்வும் தெரியும். ஆனால் இழுத்து வைக்கிற பாதம் தரையைத் தொட்ட கணத்தைக் கணினி பிரித்தறிவது எளிதல்ல. ஆரோக்கியமானவர்களின் நடையைக் கொண்டு பழக்கிய கணக்குமுறை இங்கே தடுமாறும்.

மக்கள்தொகை சார்ந்த பக்கவாதப் பதிவேடுகள் நடந்த ஐந்து இந்திய இடங்களில் கட்டாக், கோட்டா, வாரணாசி, கச்சார் ஆகியவற்றோடு தாமிரபரணி பாயும் திருநெல்வேலியும் ஒன்று. புதிதாகத் தாக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், 28 நாளில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று அவை எண்ணின. பிழைத்தவர் வாசல் தாண்டினாரா என்பது அடுத்த கேள்வி.

அளந்தாலே நடை தேறிவிடாது. 11 நாடுகளின் 16 மறுவாழ்வு மையங்களில் 135 பக்கவாத நோயாளிகளின் கணுக்கால்களில் சென்சார் கட்டி நடத்திய ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. வேகத்தை மட்டும் கேட்டறிந்தவர்களைவிட, அன்றாட நடைப்பதிவையும் சேர்த்துக் கேட்டவர்கள் கூடுதலாக நடந்துவிடவில்லை. ஆனால் அவர்கள் மருத்துவமனையில் இருந்தவர்கள். நாள்முழுக்கக் கவனிக்க ஆள் உண்டு. வீட்டில் அப்படியல்ல.

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. சிகிச்சையாளர் இரண்டு வருகைகளுக்கு நடுவே கணுக்கால் பட்டையை விட்டுச்சென்றால், “அண்ணாச்சி, தெனமும் நடக்கியளா?” என்று பொதுவாகக் கேட்க வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நடை ஏன் பாதியாகக் குறைந்தது என்று கேட்கலாம். வீட்டாரிடம்கூடச் சொல்லாத ஒரு சறுக்கல் அப்போது வெளியே வரக்கூடும்.