சிறப்பு விருந்தினர் வருகிறார், எல்லோரும் வாங்க!

மகளிர் குழுக் கூட்டத்துக்கு "சிறப்பு விருந்தினர்" வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்று எங்கள் மேலூர்ப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நாலு மணிக்குக் கூட்டம் என்பார்கள். களையெடுத்துவிட்டு வந்த பெண்கள் அவசரமாக முகம் கழுவி, சேலை மாற்றி, மூன்றே முக்காலுக்கே சமுதாயக் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். விருந்தினர் ஐந்தரைக்கு வருவார். அவருக்கு பிளாஸ்டிக் சேர், பொன்னாடை, குளிர்ந்த பவண்டோ. பிறகு மைக். "பெண்கள் நாட்டின் கண்கள்" என்று ஆரம்பித்து, குழந்தையைப் படிக்க வையுங்கள், சுத்தமாக இருங்கள், கடனை ஒழுங்காகக் கட்டுங்கள் என்று முக்கால் மணி நேரம் போகும். கைதட்டல். போட்டோ. "அடுத்த புரோகிராம் இருக்கு" என்று விருந்தினர் கிளம்பிவிடுவார். மாடு கறக்க நேரமாகிவிட்டதே என்று பெண்களும் ஓடுவார்கள்.

இதில் ஒரு கேள்வி உண்டா? இல்லை. இவரைக் கூப்பிடலாமா என்று யாராவது அந்தப் பெண்களைக் கேட்டார்களா? அதுவும் இல்லை.

இந்த விஷயத்தில் என் கட்சி ரொம்ப எளிமையானது. யார் பேச வேண்டும் என்பதைப் பெண்களே முடிவு செய்ய வேண்டும். வந்தவரைக் கேள்வி கேட்க நேரம் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லை என்றால் அது சங்கம் இல்லை, வெறும் ஆள் சேர்ப்பு.

முதலில் கொஞ்சம் பழைய கதை.

"மாதர் சங்கம்" என்ற சொல் நேற்று முளைத்தது இல்லை. 1917-லேயே சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கிவிட்டது. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் போன்றவர்கள் ஆரம்பித்தது. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டவர்கள். ஆனால் அது பெரும்பாலும் படித்த, பட்டணத்துப் பெண்களின் சங்கம். கிராமத்துக்கு இந்த ஏற்பாடு வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. கிராம சேவிகாக்கள் வந்தார்கள், ஊருக்கு ஊர் மாதர் சங்கம் வந்தது. தையல், சத்துணவுச் சமையல், குழந்தை வளர்ப்பு, இதெல்லாம்தான் பாடம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் "மாதர் சங்கத்துக் கட்டிடம்" என்று கை காட்டுவார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் உர மூட்டை இருக்கும்!

அடுத்து வந்தது சுய உதவிக் குழு. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் அரசின் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கியது. மதுரையை மையமாக வைத்து 1990 வாக்கில் களஞ்சியம் குழுக்கள் வந்தன. 1997-98-ல் மகளிர் திட்டம் என்ற பெயரில் தமிழ்நாடு முழுவதும் பரவியது. ஒரு குழுவுக்கு 12 முதல் 20 பேர். சந்தா, உள்கடன், தீர்மான நோட்டு, ஊக்குநர், பிரதிநிதி என்று புதுச் சொற்கள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டன.

குழுக்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கந்துவட்டிக்காரனிடம் தோட்டையும் மூக்குத்தியையும் கொடுத்துவிட்டு நின்ற பெண்களுக்குச் சொந்தமாக ஒரு பெட்டியும் ஒரு நோட்டும் கிடைத்தது சாதாரணக் காரியமா? ஆனால் குழுவுக்குச் சொல்லிக் கொடுத்த அடிப்படை விதிகள் ஐந்து: தவறாமல் கூட்டம், தவறாமல் சேமிப்பு, உள்கடன், சரியாகத் திருப்பிக் கட்டுவது, கணக்கு எழுதுவது. ஐந்தில் நான்கு காசு சம்பந்தப்பட்டது. மிச்சம் இருக்கும் கூட்டமும் காசுக்காகக் கூடுவதுதான்! பேசிச் சிரிக்க, வெளியூர் விஷயம் கேட்க என்று மாதத்தில் ஒரு சாயங்காலம் கூட அவர்களுக்கு இல்லை.

ஆண்களுக்கு டீக்கடை இருக்கிறது. ஊர் மந்தை இருக்கிறது. மரத்தடி இருக்கிறது. காலையில் பேப்பர் படித்து அமெரிக்கா வரைக்கும் அலசுகிறார்கள். அதை யாரும் "வெட்டிக்கதை" என்பதில்லை, "பொது விஷயம்" என்கிறார்கள். நாலு பெண்கள் குழாயடியில் நின்று பேசினால் மட்டும் அது வெட்டிக்கதை! என்ன நியாயம் இது?

அப்படியென்றால் நம் பெண்களுக்குக் கூடிக் களிக்கத் தெரியாதா? முளைப்பாரி போட்ட வீட்டுப் பக்கம் ராத்திரி போய்ப் பாருங்கள். ஒரு வாரம் பத்து நாள், வேலை எல்லாம் முடித்துவிட்டு வந்து வட்டம் கட்டிக் கும்மியடிப்பார்கள். வயதானவர் பாட்டெடுத்துக் கொடுக்க, சின்னப் பெண்கள் கற்றுக்கொள்வார்கள். நடுவில் ஊர்க்கதை, கேலி, அழுகை எல்லாம் நடக்கும். அழைப்பிதழும் கிடையாது, தலைமை உரையும் கிடையாது. கூடத் தெரிந்தவர்கள்தான். திருவிழா முடிந்ததும் அடுத்த வருடம் வரை அந்த வட்டம் கலைந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு வெளிநாட்டு உதாரணம். கனடாவில் ஒன்டாரியோ மாகாணம், ஸ்டோனி க்ரீக் என்ற சின்ன ஊர். 1897 பிப்ரவரி 19-ல் அங்கே "பெண்கள் நிலையம்" என்று ஒன்று தொடங்கினார்கள். உலகம் முழுக்கப் பரவிய கிராமப் பெண்கள் சங்கங்களுக்கு அதுதான் தாய். அது பிறந்ததற்குக் காரணமே ஒரு சிறப்பு விருந்தினர்! அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற அம்மாவின் கைக்குழந்தை 1889-ல் இறந்துபோனது. கெட்டுப்போன பால்தான் காரணம் என்று அவர் நம்பினார். வீட்டுச் சுகாதாரத்தைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். விவசாயிகள் கூட்டத்தில் அவர் பேசியதைக் கேட்டுத்தான் சங்கமே உருவானது. தனக்கு நடந்ததைப் பேசினார். அதனால் கேட்டவர்கள் எழுந்து வந்தார்கள்.

1915-ல் அதே சங்கம் பிரிட்டனுக்குப் போனது. முதல் கிளை வேல்ஸ் நாட்டு ஆங்கில்சி தீவில் ஒரு கிராமத்தில். மாதம் ஒரு கூட்டம், ஒரு பேச்சாளர், பிறகு தேநீர், அரட்டை. கேட்க ரொம்ப சாதுவாக இருக்கிறதா? 2000 ஜூன் 7-ல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் சுமார் 10,000 பெண்கள் கூடிய அவர்களது கூட்டத்துக்குப் பிரதமர் டோனி பிளேரே சிறப்பு விருந்தினராக வந்தார். வந்தவர் தன் கட்சி ஆட்சியின் பெருமைகளைப் பேச ஆரம்பித்தார். இது அரசியல் மேடை இல்லை என்று நினைத்த பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பேச்சின் நடுவிலேயே மெதுவாகத் தட்... தட்... என்று கை தட்டினார்கள். "போதும், நிறுத்து" என்று அதற்கு அர்த்தம். சிலர் எழுந்தே போய்விட்டார்கள். பிரதமர் தடுமாறிப்போனார்.

நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம். "ஐயா, ஒரு சந்தேகம்" என்று கை தூக்கும் அளவுக்காவது வரலாம் இல்லையா?

"அதெல்லாம் வெள்ளைக்காரப் பெண்கள், நம்ம ஊரில் நடக்குமா" என்று கேட்பவர்களுக்கு, அதிக தூரம் போக வேண்டாம். அழகர்கோயில் பக்கம் பில்லுசேரி. அந்த ஊர்ச் சின்னப்பிள்ளை அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். வயல் வேலைக்குப் போகும் கூலிப் பெண்களுக்குத் தலைவியாக இருந்து, நிலக்காரர்களிடம் கூலி பேசியவர். பிறகு களஞ்சியம் இயக்கத்தில் வளர்ந்தார். 2001 ஜனவரியில் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ. எல்லோருக்கும் அந்தக் காலைத் தொட்ட படம்தான் நினைவில் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய வருடங்கள். குழுவில் உட்கார்ந்து, நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேசிப் பழகிய வருடங்கள். அந்தப் பழக்கம் இல்லாமல் டெல்லி மேடை வந்திருக்குமா?

பொன்னமராவதி வந்தாலே புதுக்கோட்டை மாவட்டம். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. ராத்திரி வகுப்பு, பாட்டு, நாடகம். கூடவே பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள், ஒருவர் இருவர் அல்ல, ஆயிரக்கணக்கில்! கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் கூட. அ, ஆ கற்றுக்கொள்ளக் கூடிய கூட்டம் சைக்கிளில் போய் முடிந்தது. பெண்கள் மனம்விட்டுக் கூடினால் இப்படித்தான், எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதற்காகத்தானோ என்னவோ பலருக்கு அது பிடிப்பதில்லை!

எங்கள் மேலூரிலேயே 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் விட்டாயிற்று என்ற செய்தி வந்தது. அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி பக்கமெல்லாம் கொந்தளித்தது. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி ஆயிரக்கணக்கானவர்கள் கிளம்பினார்கள். அதில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது. சுரங்கம் வந்தால் கண்மாய் என்னவாகும், மலை என்னவாகும் என்று டிவி மைக் முன்னால் அந்தப் பெண்கள் பேசியதை நம் வகுப்பிலேயே போனில் போட்டுப் பார்த்தோமே! அவர்களுக்கா பேச வராது?

ஆக, பிரச்சினை பெண்களிடம் இல்லை. யாரைக் கூப்பிடுகிறோம், எதைப் பேச விடுகிறோம் என்பதில்தான்.

எங்கள் ஊர்க் கூட்டங்களில் நான் ஒரு தடவை கூடக் கேட்காத தலைப்பு ஒன்று உண்டு. சொத்து.

இந்துக் குடும்பங்களில் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தாது. 2005-ல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தத்தில் அந்தக் கல்யாண நிபந்தனை இல்லை. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்த்துச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தால் மட்டும் கதை வேறு. இவ்வளவுதான் விஷயம். பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் எங்கள் பக்கம் எத்தனையோ அத்தைமார்கள், "அண்ணன் கூப்பிட்டான், போய்க் கையெழுத்துப் போட்டேன்" என்கிறார்கள். போட்டது விடுதலைப் பத்திரம் என்று அவர்களுக்கே தெரியாது. விட்டுக்கொடுப்பது அவரவர் இஷ்டம். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு விட்டுக்கொடுக்கலாமே!

இன்னொரு தலைப்பு, தனியார் நிதி நிறுவனக் கடன். ஒரு வாரத் தவணை கட்டவில்லை என்றால் விடிவதற்குள் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிற வசூல்காரர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். நுண்கடன் வாங்கியவரைக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போனில் அழைத்து வசூல் கேட்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதிகள் சொல்கின்றன. கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டு வந்தது. "கடனை ஒழுங்காகக் கட்டுங்கள்" என்று சொல்ல விருந்தினர்கள் வரிசையில் நிற்கிறார்கள். "இப்படி வசூலிக்கக் கூடாது" என்று சொல்ல ஒருவரைக் கூப்பிட்டால் என்ன?

ஆள் எங்கே கிடைப்பார் என்கிறீர்களா? பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. 1987-ம் வருடச் சட்டம் அது. தாலுகா நீதிமன்றங்களோடு சேர்ந்து சட்டப் பணிகள் குழு இருக்கிறது, முகாமும் நடத்துகிறார்கள். ஒரு மனு எழுதினால் போதும், ஒரு வக்கீல் அம்மா பஸ் ஏறி வந்துவிடுவார்.

என் யோசனைகள் இவை:

1. வருடத்துக்கு 12 கூட்டம் என்றால் நான்கில் கடன் கணக்குப் பேசவே கூடாது. முழுக்கப் பேச்சும் சிரிப்பும்தான்.

2. யாரைக் கூப்பிடுவது என்பதைக் குழு தீர்மான நோட்டில் எழுதிப் பெண்களே முடிவு செய்யட்டும்.

3. விருந்தினருக்கு 20 நிமிடம். கேள்விக்கு 40 நிமிடம். பொன்னாடை வேண்டாம், அந்தக் காசுக்கு எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கலாம்.

4. எல்லோரும் ஒரே மாதிரி உட்கார வேண்டும். விருந்தினருக்குச் சேர் என்றால் எல்லோருக்கும் சேர். எந்தத் தெருப் பெண்ணாக இருந்தாலும் தயங்காமல் வந்து உட்காரக் கூடிய இடமாகவும் பார்க்க வேண்டும். இது சொல்ல எளிது, எங்கள் பக்கம் செய்யக் கஷ்டம். அதனால்தான் தனியாகச் சொல்கிறேன்.

5. நான்கில் ஒரு கூட்டத்துக்கு வெளியாள் வேண்டாம். உள்ளூர்ப் பெண்ணே பேசட்டும். நாற்பது வருடம் நாற்று நட்டவருக்குச் சொல்ல விஷயம் இருக்காதா?

"வேலை முடிந்து வருகிறவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஐந்தரை மணி விருந்தினருக்காக நாலு மணியிலிருந்து காத்திருக்க நேரம் இருக்கிறது என்று நினைக்கிற அதே ஆட்கள்தான் இதையும் கேட்கிறார்கள்! மீதி நேரத்துக்கு வழி வேண்டும் என்றால், மாதத்தில் ஒரு சாயங்காலம் வீட்டு ஆண்கள் மாட்டுக்குத் தண்ணி காட்டி, உலை வைத்துவிட்டால் தீர்ந்தது. மாடு ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

கடைசியாக நம் வகுப்பு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பாதிப் பேரின் காலேஜ் பீஸ் அம்மாவின் குழுக் கடனில் கட்டியதுதான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: "உங்க கூட்டத்துக்கு யாரைக் கூப்பிட்டா நல்லா இருக்கும்? அவங்ககிட்ட என்ன கேப்ப?" வருகிற பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மனு எழுதுகிற வேலையை நாம் செய்து கொடுக்கலாம்.