இருந்து செய்கிற வேலையும் ஆளை முறிக்கும்

"கதிரையில இருந்து செய்யிற வேலைதானே, அதில என்ன கஷ்டம்?" பல் வைத்தியர்களையும் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களையும் பற்றி வன்னியில் இப்படித்தான் பேசுகிறோம். வயலில் நாரி முறியப் பாடுபட்டவர் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் கதிரை வாங்கிக் கொடுக்க வேண்டிய அதிகாரியும் அதையே நினைக்கிறார். சிகிச்சை செய்பவர்களோ, தொழிலென்றால் கழுத்து நோகத்தான் செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள். இந்த இரண்டு நம்பிக்கைகளும் முழுப் பிழை.

மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. தலையை 60 பாகை குனித்தால் கழுத்து முள்ளந்தண்டு தாங்கும் பாரம் 27 கிலோ வரை ஏறும் என்று 2014இல் கென்னத் ஹான்ஸ்ராஜ் என்ற முள்ளந்தண்டு சத்திரசிகிச்சை நிபுணர் கணித்துக் காட்டினார். அரை மூட்டை உரத்துக்கும் கூடிய பாரம் அது. வயலில் குனிபவர் நிமிர்வார், நடப்பார், கை மாற்றுவார். கடைவாய்ப் பல்லின் உட்புறத்தைச் சுரண்டுபவர் அசைய முடியாது. இறுகிய தசை இறுகியபடியே நிற்க, அதற்குள் இரத்த ஓட்டம் குறைகிறது. நோவு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பல் மருத்துவத் துறையினரில் 64 முதல் 93 வீதம் வரையானோருக்குத் தசை, எலும்பு நோவுகள் இருப்பதாக 2009இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. சுகமான வேலைக்கு இப்படியொரு கணக்கு வராது.

கையின் பாடு இன்னும் மோசம். வெற்றிலை போடுகிறவர்களின் பல்லில் காறை கல்லாக இறுகியிருக்கும். மழுங்கிய கருவியால் அதைக் கிளப்ப விரல்களை மேலும் மேலும் இறுக்க வேண்டும். 10 மில்லிமீற்றர் தடிப்பும் 15 கிராமுக்கு மேற்படாத எடையும் கொண்ட பிடி விரலின் இறுக்கத்தைக் குறைக்கிறது என்று 2006இல் அமெரிக்காவில் நடந்த சோதனை காட்டியது. மெல்லிய, பாரமான பழைய கருவியை மாற்றிக் கேட்பவரைச் சொகுசு தேடுபவராகப் பார்ப்பது அநியாயம்.

நோவு தொழிலோடு கூடப் பிறந்தது என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அது ஒழுங்கீனத்தில் பிறந்தது. நோயாளியை நன்றாகச் சாய்த்து, அவர் வாய் உங்கள் முழங்கை மட்டத்துக்கு வரும்படி கதிரையை வையுங்கள். தலை, தலையணையின் மேல் விளிம்பு வரை வரட்டும். ஒரே பக்கத்தில் இருந்து எட்டிப் பார்க்காமல் அவர் தலைமாட்டுப் பக்கம் நகருங்கள். கருவியைத் தீட்டி வையுங்கள். இவற்றுக்குக் காசு தேவையில்லை. வயதானவரிடம் "தலையைத் திருப்புங்கோ" என்று சொல்லக் கூசி, தன் கழுத்தை முறுக்கிக்கொள்ளும் பழக்கம் எங்கள் சிகிச்சையாளர்களிடம் உண்டு. அது மரியாதையாகாது.

1950களில் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் வழிவந்தவர்களே இன்று பாடசாலைப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கிறார்கள். பிள்ளையின் வாய் சிறிது, பிள்ளை அசையும். வகுப்பறைக் கதிரையில் இருத்திப் பார்த்தால் முழுக் குனிவும் பார்ப்பவருக்குத்தான். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இப்படி ஒருவர் முதுகு பிடித்து லீவில் போனால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாய் பஸ் ஏறித் தொலைதூரம் போகவேண்டும். அவர் லீவு எடுக்காமல் சமாளித்தாலும் நட்டம் எங்களுக்கே. களைத்த விரலுக்கு முரசுக்குக் கீழே எஞ்சியிருக்கும் காறை தட்டுப்படாது. முரசு வீக்கம் ஆறாது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா சுகாதார நிர்வாகத்தினரே, அடுத்த முறை உபகரணப் பட்டியல் எழுதும்போது உயரம் மாற்றக்கூடிய, முதுகு சாயக்கூடிய இருக்கையையும் பிடி தடித்த கருவிகளையும் முதல் வரியில் எழுதுங்கள். வாய் திறந்து படுத்திருக்கும் நாங்களும், தலையைத் திருப்பச் சொன்னால் முகம் சுளிக்காமல் திருப்புவோம்.