ஃப்ளோரிடாவுக்குப் போன இருவர்

இந்த வாரம் என் எரிச்சலைக் கிளப்பியது ஒரு ரீல்ஸ். உறவினர்களின் வாட்ஸப் குழுவில் வந்து விழுந்தது. ஓர் இளைஞர் நல்ல பாம்பின் வாலைப் பிடித்துத் தூக்குகிறார், கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார், கடைசியில் அதன் தலையில் முத்தமும் வைக்கிறார். பின்னணியில் மகுடி. 'என்ன தைரியம்டா!' என்று ஒரு மாமா மூன்று கைதட்டல் பொம்மைகளைப் போட்டிருந்தார். பாம்பின் கதியைக் கேட்க நாதியில்லை.

மகுடி மீது எனக்குள்ள பகை இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்கு மனப்பாடம். 'நீயா' காலத்திலிருந்து நம் சினிமாப் பாம்பு பழிவாங்குகிறது, பாட்டுக்கு ஆடுகிறது. நிஜப் பாம்புக்கு அதெல்லாம் தெரியாது. மகுடியின் இசைக்கு அது ஆடுவதில்லை. வாசிப்பவரின் அசைவைக் கண்டு, எங்கே அடித்துவிடுவாரோ என்று கூடவே தலையைத் திருப்புகிறது. பால் அதன் உணவும் அல்ல. ஆடி மாதம் புற்றில் பால் ஊற்றுவது நிற்கப் போவதில்லை. நானும் இதை எழுதுவதை நிறுத்தப் போவதில்லை.

பாம்பை எப்படிப் படம் பிடிக்க வேண்டும் என்பதற்கு நம்மிடமே ஓர் ஆள் இருக்கிறார். ரோமுலஸ் விட்டேக்கர், 1943இல் நியூயார்க்கில் பிறந்தவர். சிறுவயதிலேயே இந்தியா வந்து, கொடைக்கானலில் பள்ளி விடுதிக் கட்டிலுக்கடியில் மலைப்பாம்பு வளர்த்த பிள்ளை. அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் உதறிவிட்டு, ஃப்ளோரிடாவின் மயாமி நகரில் பில் ஹாஸ்ட் நடத்திய பாம்புப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். பாம்பிடம் விஷம் எடுக்கும் தொழிலை அங்கே பார்த்தவர், சென்னைக்கு வந்து கிண்டி பாம்புப் பண்ணையையும் 1976இல் வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் உருவாக்கினார். பிறகு கேமராவுக்குப் பின்னால் போனார். நேஷனல் ஜியாகிரஃபிக்குக்காக அவர் எடுத்த ராஜநாகப் படம் 1998இல் எம்மி விருது வாங்கியது. பாம்புகளில் முட்டையிடக் கூடு கட்டுவது ராஜநாகம் மட்டும்தான். தாய் தன் உடலாலேயே சருகுகளை இழுத்துக் குவித்து முட்டைகளைக் காக்கும். குஞ்சுகள் வெளிவருவதற்குச் சற்று முன் கிளம்பிப் போய்விடும். இதற்கு மகுடி எதற்கு? பொறுமையாகக் காத்திருக்கும் கேமரா போதும்.

விட்டேக்கரின் சாகசங்களைத்தான் இந்த வாரம் முழுக்க எழுதுவதாக இருந்தேன். அவர் கதையில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இருளர் பழங்குடியினர் நிற்கிறார்கள். அவர்களைத் தாண்டி எழுத மனம் வரவில்லை.

மண்ணில் கிடக்கும் மெல்லிய தடத்தைப் பார்த்து, எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது என்று சொல்லக்கூடியவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். ஒரு காலத்தில் பாம்புத்தோல் வியாபாரம்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. 1970களில் சட்டம் வந்து அந்த வியாபாரத்தை மூடியது. பாம்பு பிழைத்தது, பிடித்தவர் பட்டினி. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது இந்த இக்கட்டில்தான்; அதற்குத் துணைநின்றவர் விட்டேக்கர். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உரிமம் பெற்றுப் பிடிக்கிறார்கள். வாயைத் துணியால் கட்டிய மண்பானையில் சில வாரம் வைத்து, சில முறை விஷம் எடுத்து, திரும்பவும் காட்டில் விடுகிறார்கள். நாட்டில் விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு இந்தப் பானைகளிலிருந்தே போகிறது. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் சாகிறார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. பிழைத்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பானை தெரியும்?

2017இல் ஃப்ளோரிடாவே இருளர்களை அழைத்தது. வளர்க்க வாங்கியவர்கள் விட்டுவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் அங்கே பெருகி, காட்டு விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. முந்தைய ஆண்டு ஏறக்குறைய ஆயிரம் பேர் இறங்கிய பாம்பு வேட்டைப் போட்டியில் ஒரு மாதத்தில் சிக்கியவை 106. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டே இருளர்கள் போய் இறங்கி, முதல் எட்டு நாளில் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். விட்டேக்கர் இளைஞராகத் தொழில் கற்ற அதே மாநிலத்துக்கு, அவருடைய தோழர்கள் கற்றுக்கொடுக்கப் போனார்கள். இதைவிட நல்ல கதையை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் யோசித்துவிட முடியாது.

விட்டேக்கருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மாசிக்கும் வடிவேலுக்கும் 2023இல் கிடைத்தது. ஐந்து ஆண்டு தாமதம் என்று நான் குறைசொல்லப் போவதில்லை; கிடைத்ததே பெரிது. ஆனால் விருது விழா முடிந்த மறுநாளும் சங்கம் நடக்க வேண்டும், உரிமங்கள் காலத்தில் வர வேண்டும், எடுத்த விஷத்துக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும். அரசிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்.

உங்களிடம் கேட்பது இன்னும் எளிது. யாரையாவது பாம்பு கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மருந்து அங்கே இருக்கிறது.