தோள்களுக்கு வேலை கொடுங்கள்



தென்னையில் ஏறித் தவறி விழுந்தவர், சாரம் சரிந்து மேல்மாடியிலிருந்து விழுந்த கொத்தனார், இருட்டில் நின்றிருந்த லாரியின் பின்னால் பைக்கோடு மோதியவர், ஆழம் தெரியாமல் கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்த பள்ளிக்கூடத்துப் பையன். தண்டுவடம் அடிபட்டவர்களின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கதைகள் இவை. முதுகில் கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து அறுவை சிகிச்சை முடிந்திருக்கும். நகையும் நிலமும் போயிருக்கும். முன்னறையில் ஒரு கட்டில், அதன் ஓரத்தில் தொங்கும் யூரின் பை. பார்க்க வருகிறவர்கள் கையிலிருக்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிடுகிறார்கள்: "எப்ப நடப்பான்?"

கேட்பதில் குற்றமில்லை. அதற்குப் பதில் கிடைக்கும் வரை எதுவும் செய்யாமல் காத்திருப்பதில்தான் ஆபத்து. "நீ அசையாதப்பா, நான் எடுத்துத் தர்றேன்" என்று அம்மா ஓடி வருகிறார். அக்கா சோறு பிசைந்து ஊட்டுகிறார், இரண்டு கைகளும் நன்றாக வேலை செய்கிற இளைஞனுக்கு! அத்தனையும் பாசம்தான். அந்தப் பாசம் ஒருவரை மாதக்கணக்கில் படுக்க வைத்துவிடுகிறது. அடிபடாமல் தப்பித்த தசைகளும் அந்தப் படுக்கையில் கரைகின்றன. இந்த இதழின் சிறப்புப் பக்கங்களை உடல் பயிற்சிக்கும் மறுவாழ்வுக்கும் ஒதுக்கியிருப்பது அந்த அம்மாவிடமும் அக்காவிடமும் பேசத்தான்.

தண்டுவடம் சுண்டுவிரல் கனம்தான். மூளையிலிருந்து உடம்புக்குப் போகிற செய்திகளும் திரும்பி வருகிறவையும் அதன் வழியேதான் ஓடுகின்றன. கழுத்தில் அடிபட்டால் கை கால் நான்கும் பாதிக்கப்படும். மார்பிலோ இடுப்பிலோ என்றால் கைகள் தப்பும். ஊரார் கண்ணுக்குத் தெரிவது நடக்க முடியாமை மட்டும். தொடு உணர்வு, சிறுநீர், மலம், வியர்வை, ரத்த அழுத்தம் என்று கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ கட்டுப்பாடுகள் சேர்ந்தே போகின்றன. உலகில் 1.5 கோடிக்கும் மேற்பட்டோர் இந்த நிலையில் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு இவர்களில் பலர் பிழைக்கவே இல்லை. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ உயிரைக் குடித்துவிடும். நாஜி ஜெர்மனியிலிருந்து 1939இல் தப்பி இங்கிலாந்து வந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். இரவென்றும் பகலென்றும் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார். புண் ஆறியதும் வேலையும் விளையாட்டும் கொடுத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள், அவருடைய மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில் வளைத்தார்கள். வில் இழுக்க முதுகும் தோளும் உரம் பெற வேண்டும், சாயாமல் உட்காரும் சமநிலையும் வேண்டும். அவருக்கு அது சிகிச்சையின் ஒரு பகுதி. அந்தப் போட்டிதான் வளர்ந்து 1960இல் ரோமில் 23 நாடுகள் கலந்துகொண்ட முதல் பாராலிம்பிக் ஆனது. நம் நாட்டின் முரளிகாந்த் பேட்கர் 1965 போரில் குண்டடி பட்ட ராணுவ வீரர். சிகிச்சைக்காகத் தொடங்கிய நீச்சலில் 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டரை 37.33 விநாடியில் கடந்து தங்கம் வென்றார்.

பதக்கக் கதைகளை விட எனக்கு நெருக்கமானது வேலூர்க் கதை. டாக்டர் மேரி வர்கீஸ், வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய இளம் மருத்துவர். 1954இல் ஒரு கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். மருத்துவ வாழ்க்கை முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அங்கே தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளைச் சீரமைத்துக்கொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட் வேறு மாதிரி யோசித்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாமே! மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார், செய்யவும் செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தன் உடம்புக்கான மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். அங்கிருந்து நியூயார்க் போய், மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஹோவர்ட் ரஸ்கிடம் அந்தத் துறையையே படித்தார். திரும்பி வந்து 1963இல் சி.எம்.சி.யின் மறுவாழ்வுத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. உள்ளே தங்கிப் பயிற்சி பெறும் அந்த வகை நிலையங்களில் இந்தியாவுக்கே அது முன்னோடி. 1972இல் பத்மஸ்ரீ வந்தது.

இந்தக் கதையில் நான் நின்று யோசிக்கிற இடம் பால் பிராண்ட் போட்ட கணக்கு. எது போய்விட்டது என்று கணக்குப் பார்க்காமல், மேரியிடம் மிச்சம் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தார். நல்ல மறுவாழ்வு மையத்தில் முதல் நாள் செய்வதும் இதைத்தான். எந்தத் தசை வேலை செய்கிறது, எவ்வளவு வலு, எதுவரை உணர்வு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் குறிப்பார்கள். அந்தக் குறிப்பிலிருந்துதான் பயிற்சி தொடங்கும்.

தென்காசி அருகே ஆய்க்குடியில் இருக்கிறது அமர் சேவா சங்கம். அதை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சஹாலின் பெயரைச் சங்கத்துக்கு வைத்தார். தண்டுவடம் அடிபட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெற இன்று அங்கே தனிப் பிரிவே உண்டு. திருவண்ணாமலையில் 'சோல்ஃப்ரீ' அமைப்பை நடத்தும் ப்ரீத்தி சீனிவாசன், தமிழகத்தின் 19 வயதுக்குட்பட்ட மகளிர் கிரிக்கெட் அணித் தலைவியாக இருந்தவர். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவர். பயிற்சி பெறுவதில் பெண்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. அடிபட்ட ஆணுக்கு அம்மாவோ மனைவியோ கூடவே வந்து மையத்தில் தங்குகிறார்கள். அடிபட்டவர் பெண் என்றால் பல நேரம் கூட வர ஆள் கிடைப்பதில்லை. மருமகளோ மகளோ படுத்துவிட்ட வீடுகளில் இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: அவளுக்கும் பயிற்சி வேண்டும், அவளுக்காகவும் ஒருவர் கூட வர வேண்டும்.

சரி, என்ன பயிற்சி, எவ்வளவு? 2018இல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடித் தந்த வழிகாட்டுதல் கைக்கு அடங்குகிற அளவுதான். உடல்திறன் மேம்பட, மூச்சு வாங்குகிற அளவுக்கு 20 நிமிடப் பயிற்சி வாரம் இரண்டு முறை. வேலை செய்கிற பெரிய தசைகள் ஒவ்வொன்றுக்கும் வலுப்பயிற்சி மும்மூன்று சுற்றாக வாரம் இரண்டு முறை. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் பலன் வேண்டுமென்றால் அந்த 20 நிமிடம் 30 ஆக வேண்டும், வாரம் மூன்று நாள். நாற்காலியை நீங்களே தள்ளிக்கொண்டு தெருவைச் சுற்றுவதும் இதில் சேரும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவுக்கு மூச்சு வாங்கினால் சரி. கழுத்துக் காயம் உள்ளவர்கள் நாடித்துடிப்பை வைத்து அளக்க வேண்டாம். அவர்களுக்கு எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு ஓரளவுக்கு மேல் ஏறாது.

தோளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சக்கர நாற்காலியில் வாழ்கிறவருக்குக் காலின் வேலையையும் தோள்தான் செய்கிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, ஆட்டோவுக்கு என்று உடம்பின் முழுப் பாரத்தையும் நாள் முழுக்கத் தாங்குகிற மூட்டு அது. சில ஆண்டுகளில் பலருக்கு வலி வந்துவிடுகிறது, வலி வந்தால் சுதந்திரம் போய்விடுகிறது. நாற்காலி தள்ளுவதில் மார்புத் தசை மட்டும் இறுகும். அதற்கு ஈடாகப் பின்தோளும் மேல்முதுகும் வலுவாக வேண்டும். பிசியோதெரபிஸ்ட் தரும் ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையைப் பின்னோக்கி இழுங்கள். பிறகு மார்பை விரித்து நிதானமாக நீட்டுங்கள். நாற்காலியைத் தள்ளும்போது குட்டிக் குட்டியாகத் தட்டாமல் நீளமாக, மெதுவாகத் தள்ளுங்கள். தள்ளிய கையைச் சக்கரத்தின் கைப்பிடி வளையத்துக்குக் கீழே தளர விட்டுப் பின்னால் கொண்டுவாருங்கள். இது தோளைக் காக்க உதவும்.

பின்பக்கத்தில் புண் வராமல் இருக்க, நாற்காலியில் கை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சில நொடிகள் தூக்கினால் போதாது. அழுந்திய இடத்தில் ரத்தம் முழுதாகத் திரும்பி ஓட ஏறக்குறைய 2 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் கையூன்றித் தாங்குவது தோளுக்குக் கேடு. முன்னால் குனிந்து மேஜையில் சாய்ந்துகொள்ளலாம், பக்கவாட்டில் சாய்ந்தும் இருக்கலாம்.

கழுத்தில் அடிபட்டவர்களின் வீட்டாருக்கு ஒரு தனி வேண்டுகோள். மணிக்கட்டை மேலே தூக்க முடிந்து, விரல்களை மடக்க முடியாதவர்கள் உண்டு. மணிக்கட்டைத் தூக்கும்போது அவர்களுடைய விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கும். அந்தப் பிடியில் டம்ளர் எடுக்கலாம், ஸ்பூன் பிடிக்கலாம், போன் தொடலாம். அந்த விரல்கள் கொஞ்சம் மடங்கியே இருப்பதால்தான் பிடி கிடைக்கிறது. 'விரல் கோணிவிட்டதே' என்று எண்ணெய் போட்டு, மணிக்கட்டும் விரலும் சேர்ந்து நிமிரும்படி நாள்தோறும் நீவிவிடுகிறோம். பிடி போய்விடுகிறது. பாசத்தோடு செய்கிற தவறுகளில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். எந்த விரலை எப்படி நீவலாம் என்று சிகிச்சையாளரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். மூச்சுப் பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். கழுத்துக் காயத்தில் இருமல் வலுவிழக்கிறது, சளி தங்கி நிமோனியா வரலாம். ஆழமாக மூச்சிழுத்துப் பழகுவது மருந்தளவுக்கு முக்கியம்.

பயப்பட வேண்டிய விஷயங்களும் உண்டு. மேல்முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. நம் சித்திரை வெயிலில் பயிற்சி செய்தால் உடம்பு சூடேறிக்கொண்டே போகும். விடியற்காலையில் செய்யுங்கள், கழுத்தில் ஈரத் துண்டு போடுங்கள், முகத்தில் தண்ணீர் தெளியுங்கள். படுத்தே இருந்த கால்களின் எலும்பு மெலிந்திருக்கும், முரட்டுத்தனமாக மடக்கினால் வலியே தெரியாமல் முறியும்.

இன்னொன்றை ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். மேல்முதுகிலோ கழுத்திலோ காயம் உள்ளவருக்குத் திடீரென்று தலை தெறிக்கிற வலி வந்து, முகம் சிவந்து வியர்த்தால், ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது என்று அர்த்தம். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். சிறுநீர் டியூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பைதான் பல நேரம் காரணம். குறையாவிட்டால் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இவர்களில் பலருக்கு ரத்த அழுத்தத்தின் வழக்கமான மேல் அளவே 90, 100தான். ஆகவே 130 என்பது அவர்களுக்கு அதிகம். பணியில் இருக்கும் மருத்துவருக்கு இது உடனே தோன்றாமல் போகலாம். வழக்கமான அளவைச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

உதவ நினைக்கும் நல்லவர்களுக்கும் ஒரு வார்த்தை. விழா மேடையில் வரிசையாக நிறுத்திக் கொடுக்கப்படும் ஒரே அளவு நாற்காலிகள் பலருக்குப் பொருந்துவதில்லை. மருத்துவமனையில் ஒருவர் தள்ளிக்கொண்டு போவதற்கான கனமான நாற்காலியைத் தினமும் தானே தள்ளுகிறவருக்குக் கொடுத்தால் தோள்தான் பலியாகும். சக்கரத்தின் உச்சியில் கை வைத்தால் முழங்கையில் மேல்கைக்கும் முன்கைக்கும் இடையே 100 முதல் 120 டிகிரி கோணம் இருக்க வேண்டும், அதுதான் சரியான உயரம். பத்து நாற்காலிக்கு வைத்திருக்கும் பணத்தில் அளவெடுத்துச் செய்த சிலவும் நல்ல மெத்தைகளும் வாங்கிக் கொடுங்கள். எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை.

மையத்தில் தங்கக் காசில்லை, ஊரும் தூரம் என்கிறவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் உண்டு. பயிற்சியாளர் வருகிற நாளில் வீட்டில் உள்ளவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் பயிற்சி நடப்பது உங்கள் கையில்தான்.

அடுத்தது வாசல். நாற்காலி வெளியே போனால்தானே உடற்பயிற்சி? 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் கடல் அருகே வரை சக்கர நாற்காலி போக மரப்பாதை திறந்தார்கள். சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, மறுபடி சீரமைத்தார்கள். நம் சிற்றூர்ப் பூங்காக்களும் பள்ளி மைதானங்களும் எப்படி இருக்கின்றன? வாசகர்களிடம் கேட்பது இதுதான். உங்கள் ஊரில் நாற்காலியோடு உள்ளே போக முடிகிற பூங்கா, மைதானம், உடற்பயிற்சிக்கூடம், நீச்சல்குளம் எது இருந்தாலும் எழுதுங்கள். சாய்தளம் இருக்கிறதா, கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம், எந்த நேரம் திறக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முடிந்தால் நாற்காலியில் போகிற ஒருவரையே அழைத்துச் சென்று பார்த்துவிட்டு எழுதுங்கள். மாவட்ட வாரியாகத் தொகுத்து அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்