மைனாவின் அலகைப் படம் எடுங்கள்

ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் வரும் சுற்றுலாப் பயணிக்கு மைனா அழகான பறவை. மஞ்சள் அலகு, மஞ்சள் கால், பறக்கும்போது சிறகில் பளிச்சென்று வெள்ளை. வீட்டோரம் நாலு கொய்யா மரம் வைத்திருப்பவருக்கோ அது கொள்ளைக்காரன். பழுத்ததாகப் பார்த்துக் கொத்தும். கொத்திய பழம் சந்தையில் விலை போகாது.

கோபத்தில் கல்லை எடுப்பதற்கு முன், பயணி செய்வதையே விவசாயியும் செய்து பார்க்கலாம். மைனா ஆளுக்கு அதிகம் அஞ்சாது. சாதாரணக் கைப்பேசியே போதும். மாடு மேயும் இடத்திலும், மண் கொத்தும் இடத்திலும், பழ மரத்திலும் படம் எடுத்து, அலகில் இருப்பது என்னவென்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். குஞ்சுக்கு இரை தேடும் காலத்தில் பெரும்பாலும் புழுவும் வெட்டுக்கிளியும்தான் தென்படும். வெட்டுக்கிளியை ஒழிக்கவென்றே 1762-ல் இந்திய மைனாவை மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டு போனார்கள். பிற்பாடு அங்கே அதுவே தொல்லையானது வேறு கதை!

படத்தோடு தேதியும் பதிவாகும். எந்த வாரங்களில் பழத்துக்கு வருகிறது என்று தெரிந்துவிட்டால், அந்த வாரங்களுக்கு மட்டும் காய்களுக்குப் பை கட்டலாம், அல்லது மரத்துக்கு வலை போடலாம். வலையை இழுத்துக் கட்டவேண்டும். தொளதொளவென்று விட்டால் பறவை சிக்கிச் சாகும். கூட்டருகே போய் மட்டும் படம் எடுக்க வேண்டாம். தாய்ப்பறவை மிரண்டால் குஞ்சு பட்டினி; புழு பிடிக்கவும் ஆள் இராது.