கிலோவுக்கு எவ்வளவு ஆச்சு?

"எத்தனை கிலோ கொறஞ்சிருக்கும்?" என்று கேட்டார். நாற்பது என்றேன். "ஆபரேசனுக்கு எவ்வளவு ஆச்சு?" நாலு லட்சத்து எண்பதாயிரம். அதையும் சொல்லித் தொலைத்தேன். எங்கள் தெருக்காரம்மாதான், காய்கறிக் கூடையை மடியில் வைத்தபடி உதட்டை அசைத்து மனக்கணக்குப் போட்டார். "அப்பம் கிலோவுக்குப் பன்னெண்டாயிரமாக்கும்!" பாளையங்கோட்டை பஸ்ஸில், நாலு பேர் காதில் விழும்படி. வகுத்தல் சரிதான். நான் கணக்கு டீச்சர், சரிபார்த்துவிட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஆத்திரமே அதில்தான். கெட்ட எண்ணத்தோடு கேட்பவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிரியத்தோடு கேட்பவர்களை என்ன செய்வது? முகத்தைத் திருப்பினால், "சதை கொறஞ்சதும் திமிரு ஏறிட்டு" என்பார்கள். சொல்லியும் விட்டார்கள்.

"இப்பதான் பாக்க லட்சணமா இருக்க." "இப்பதான் நல்லா சேலை நிக்குது." என் வீட்டுக்காரரிடம் ஒருவர், "இப்பதான்வே உம்ம பக்கத்துல நின்னா ஜோடியா தெரியுது" என்றார். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 'இப்பதான்'. அதற்கு முன்னால் இருந்தவள் யார்? மாமியார் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் அவரைப் புரட்டிப் போட்டுத் துடைத்துவிட்டவள் அவள்தான். பத்தாம் வகுப்புக் கணக்கில் என் பிள்ளைகள் அத்தனை பேரும் தேறிய வருஷம் ஸ்டாஃப் ரூமில் ஒரு டீ கூட யாரும் வாங்கித் தரவில்லை. வயிற்றை வெட்டிக்கொண்டு வந்த பிறகு கேக் வெட்டினார்கள். என்னால் சாப்பிட முடியாது என்று தெரிந்தே வெட்டினார்கள்.

பழைய போட்டோவை எடுத்துக் காட்டுவது இன்னொன்று. செல்போனில் தேடிப் பிடித்து, என் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, "யம்மாடி, எப்படிளா இருந்த நீ!" என்கிறார்கள். அந்தப் படத்தில் நான் என் மகளை மடியில் வைத்திருக்கிறேன். அவளுக்குப் பெயர் வைத்த அன்றைக்கு எடுத்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்த படம் வேறு கிடையாது. அதை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நானும் கூடச் சிரிக்க வேண்டுமாம்.

இன்சுலின் ஊசியை நிறுத்தியாயிற்று. அதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் என்பதால் ராத்திரி முழுக்க மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்த மிஷின் இப்போது பரண்மேல் கிடக்கிறது. பள்ளிக்கூட மாடிப்படியில் பாதியில் நிற்காமல் ஏறுகிறேன். இரைப்பை பைபாஸ் செய்த பலருக்கு எடை இறங்குவதற்கு முன்பே சர்க்கரை இறங்கத் தொடங்கிவிடும். எனக்கும் அப்படித்தான். நான் படுத்ததே அதற்காகத்தான். ஊர் பாராட்டுவது இடுப்பை.

கேள்விகளுக்கு வருகிறேன். முதலில் துக்கம் விசாரிப்பதுபோல வந்தார்கள்: "சுகர் முத்திப் போச்சோ? வேற ஏதும் இருக்கப் போகுது, நல்லாப் பாத்தியா?" அறுவைச் சிகிச்சை என்று சொன்னதும், "கொழுப்பை உறிஞ்சி எடுத்துட்டாங்களோ?" அது லைப்போசக்‌ஷன், தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை எடுப்பது, சர்க்கரைக்கு வைத்தியம் ஆகாது என்று வகுப்பெடுத்தேன். அப்போதெல்லாம் இப்படி. 2025 மார்ச்சில் எடை குறைக்கும் மௌஞ்சாரோ ஊசி இந்தியாவுக்கு வந்த பிறகு, "கொஞ்சம் பொறுத்திருந்தா ஊசியிலேயே முடிச்சிருக்கலாமே, அவசரப்பட்டுட்டியே" என்கிறார்கள். இதே வாய்கள்தான் எத்தனையோ வருஷமாக, "இன்னும் எவ்வளவு நாளுக்கு இப்படியே இருக்கப் போற?" என்று கேட்டவை.

எல்லாவற்றையும்விட நெஞ்சில் குத்தியது, "நோகாமக் கொறைச்சிட்ட" என்பது.

நோகாமலா? ஈரல் சுருங்கினால்தான் கருவியை உள்ளே விட்டு வேலை பார்க்க முடியும் என்று, ஆபரேஷனுக்கு முன்னாலேயே வெறும் திரவத்தில் என்னைப் போட்டார்கள். பிறகு இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, சிறுகுடலைக் கீழே வெட்டி மேலே கொண்டுவந்து அதோடு தைத்தார்கள். இருமல் மருந்துப் பாட்டிலின் மூடியில் இரண்டு மூன்று தடவை ஊற்றினால் அந்தப் பை நிறைந்துவிடும். தண்ணீரை மடக்கு மடக்காகத்தான் குடிக்க முடியும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு. நாலாவது மாதம் சீப்பை எடுத்தால் கொத்துக் கொத்தாக முடி வந்தது. குளியலறைச் சல்லடையில் சுருண்டு கிடந்ததை மகள் பார்க்குமுன் அள்ளிப் போடுவேன். அந்தச் சமயத்தில்தான் ஒரு சக ஆசிரியை, "எங்களுக்கெல்லாம் வாக்கிங் போய்க் கஷ்டப்படணும்னு தலையெழுத்து, உங்களுக்கு என்ன டீச்சர்" என்றார்.

வாக்கிங் போகாதவளா நான்? வ.உ.சி. மைதானத்தைச் சுற்றாதவளா? கொள்ளு, கம்பு, வெந்நீரில் தேன், பேலியோ என்று எதை விட்டேன்? இந்த ஆபரேஷனுக்குக் காப்பீட்டுப் பணம் தர 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதியை எடுத்துப் பாருங்கள். பி.எம்.ஐ. 40-ஓ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அல்லது 35-ஓ அதற்கு மேலோ இருந்து, கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை, இதய நோய் போல ஒன்று கூட இருக்க வேண்டும். அதுவும் மற்ற வழிகளில் எடை குறையாமல் போன பிறகுதான். அந்த வழிகளில் தோற்றதற்குக் காகிதம் கொடுத்துவிட்டு வந்தவள் நான். காகிதம் பார்த்த குமாஸ்தா நம்பினார், கூடப் பிறந்தவர்கள் நம்பவில்லை.

மன உறுதி இல்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்று ஒரு டி.வி. போட்டி நடந்தது. யார் அதிகம் இளைக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்து 2016-இல் ஆய்வை வெளியிட்டார்கள். சராசரியாக 58 கிலோ இளைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்ப வந்திருந்தது. அவர்கள் உடம்பு சும்மா இருக்கையில் எரிக்கும் கலோரியோ, அந்த எடைக்கும் வயதுக்கும் இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 குறைவு. உலகமே பார்க்க வியர்வை சிந்தியவர்கள் அவர்கள். அவர்களிடமும் போய் வாக்கிங் போகச் சொல்வீர்களா?

எங்கள் பக்கத்து மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தேங்காய்ப்பாலில் முருங்கைக்காயும் பாசிப்பருப்பும் கிடந்து மணக்கிறது, பக்கத்தில் இஞ்சிப் பச்சடி. ஒரு பிடிச் சோற்றை மென்று மென்று உள்ளே இறக்கினேன். அடுத்த பிடியில் நெஞ்சுக்குழியில் வந்து அடைத்தது. கையைக் கழுவ எழுந்தேன். என் அத்தை விடவில்லை. "இலையில இப்படி மிச்சம் வச்சிட்டுப் போனா வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க? பாயசமாவது குடி." மரியாதைக்கு ரெண்டு மிடறு குடித்தேன். இனிப்பு அந்தச் சின்னப் பையில் தங்காமல் நேரே குடலுக்கு ஓடிவிடும். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடத்து, சட்டென்று வியர்த்து, கண் இருண்டுவிட்டது. மண்டபத்தில் பாய் விரிக்கும் அறையில் நான் சுருண்டு கிடந்தபோது வாசலில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்: "இப்படி ஒரு கோலம் தேவையா? குண்டா இருந்தாலும் முகத்துல ஒரு களை இருந்துச்சு."

இதே அத்தைதான் முன்பு ஒரு கல்யாணத்தில் நான் இரண்டாம் தடவை சோறு கேட்டபோது, பரிமாறுகிற பையனின் வாளியைக் கையால் தடுத்தவர். அன்றைக்கும் பந்தியே திரும்பிப் பார்த்தது.

கேட்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒருநாள் எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் அக்கா, சமையல்கட்டுக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டார். என்னைவிடப் பெரிய உடம்பு, முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. "டீச்சர், வலிச்சுதா? எனக்குச் செய்வாங்களா?" அவ்வளவுதான் கேட்டார். கிலோவும் கேட்கவில்லை, விலையும் கேட்கவில்லை. வயிற்றுத் தழும்புகளைக் காட்டினேன். மாத்திரைச் சீட்டைக் காட்டினேன். வாந்தி எடுத்தது, அழுதது, நடுராத்திரியில் ஏன் செய்துகொண்டோம் என்று இருந்தது, மறுநாள் காலையில் சர்க்கரை அளவைப் பார்த்து மறுபடி அழுதது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டால் நாளைக்கும் சொல்வேன். உங்களுக்குத்தான் சொல்ல மாட்டேன். எனக்கு நடந்தது உங்கள் சாயங்காலத்துக்குச் சுண்டல் இல்லை.

சொல்லாவிட்டால் "மறைக்கிறா", சொன்னால் "குறுக்கு வழி". சரி, என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், பழகிவிட்டது. என் மகளிடம் ஏன் போனீர்கள்? எட்டாம் வகுப்புப் படிக்கிறாள், கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள், கபடியில் பள்ளி டீமில் இருக்கிறாள். அவளைத் தனியாகப் பிடித்து, "உங்கம்மையே இளைச்சிட்டா, நீ எப்பம்ட்டி?" என்று கேட்டிருக்கிறார் அந்த அத்தை. பிள்ளை ராத்திரி தயிர்ச்சோற்றைத் தள்ளி வைத்தாள். பசிக்கவில்லை என்றாள். விளக்கை அணைத்த பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்கும் பெரிசானதும் வயித்தை வெட்டணுமாம்மா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்கு வருகிறார், என்னைப் பார்த்து ரொம்ப நாளாச்சாம், கண்ணாரப் பார்க்கணுமாம். வரட்டும்.