பழைய சீசாவும் பிளாஸ்டிக் பாக்கெட்டும்

2018 அக்டோபரில் நியூயார்க் நகரத்தில் ஒரு சீசா சிவப்பு ஒயின் ஏலம் போயிற்று. பிரான்சு தேசத்தின் பர்கண்டிப் பிரதேசத்தில் ரோமனே-கோன்ட்டி என்றொரு சிறு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அங்கே 1945ல் பறித்த பழத்தில் செய்தது அந்த ஒயின். அளவு முக்கால் லிட்டர். விலை 5 லட்சத்து 58 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ நான்கு கோடி ரூபாய்!

நூறு நாள் வேலையில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். எலவனாசூர்கோட்டையில் மண்வெட்டி பிடிக்கும் ஒரு தொழிலாளிக்கு வருஷம் தவறாமல் நூறு நாளும் வேலை கிடைத்து, ஒரு பைசாவும் தின்னாமல் சேர்த்து வைத்தால், அந்த ஒரு சீசாவை வாங்க 1,250 வருஷம் ஆகும். ராஜராஜ சோழன் பட்டத்துக்கு வருவதற்கு இருநூறு வருஷம் முன்பே அவர் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும்!

சீமான்கள் எதையோ குடிக்கட்டும், நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கு இருக்கிறது, தோழர்களே. 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் மாண்டார்கள். மூட்டை தூக்கியவர்கள், கூலிக்குப் போனவர்கள், பெண்களும் கூட. இறந்தவர் குடும்பத்துக்குச் சர்க்கார் பத்து லட்சம் ரூபாய் அறிவித்ததுதான் தாமதம், “குடித்துச் செத்தவனுக்குப் பணமா?” என்று கனவான்கள் பலர் கூச்சல் போட்டார்கள். குடிப்பது குணக்கேடு, குடித்துச் சாவது அவனவன் தலைவிதி என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தைத்தான் இங்கே எடைபோட வேண்டியிருக்கிறது.

சீமான்கள் ருசி பார்க்கும் விதம்

பழைய ஒயினை அவர்கள் எப்படி ருசி பார்க்கிறார்கள்? சீசாவை முதல் நாளே நிமிர்த்தி வைக்கிறார்கள், அடியில் வண்டல் படிய வேண்டும் என்று. தக்கை மக்கிப் போயிருக்கும். அதை நோகாமல் எடுக்கிறார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சீசாக் கழுத்தைப் பார்த்தபடியே வேறு ஜாடியில் மெல்ல ஊற்றுகிறார்கள். நிறம் பார்த்து, மோந்து பார்த்து, ஒரு வாய் வைத்து, பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். காலம் போகப் போகத் துவர்ப்புச் சத்து ஒன்றோடொன்று சேர்ந்து வண்டலாக இறங்கும், ஒயினின் கடுமை தணியும், கருஞ்சிவப்பு செங்கல் நிறமாகும். இது உண்மையான ரசாயனம். இதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. கொடியைக் கவாத்து செய்தவனும், பழம் பறித்தவனும், பீப்பாய் அறைந்தவனும் கூலிக்காரர்கள்தான். ருசி அறிவது பாவமல்ல.

ஆனால் அந்த நிபுணர்களும் ஏமாந்த கதை உண்டு. 2001ல் போர்டோ பல்கலைக்கழகத்தில் ஒயின் சாஸ்திரம் படித்த 54 மாணவர்களிடம், வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய வர்ணனையையே அவர்கள் அதற்கும் எழுதிக் கொடுத்தார்கள்!

ரூடி குர்னியவான் என்ற பேர்வழி இன்னும் பெரிய வேலை செய்தான். கலிபோர்னியாவில் தன் வீட்டிலேயே ஒயின்களைக் கலந்து, பழைய சீசாவில் அடைத்து, பொய் லேபிள் ஒட்டி, அபூர்வ ஒயின் என்று கோடீஸ்வரர்களிடம் விற்றான். பிறகு என்ன நடந்தது? அமெரிக்க மத்தியப் போலீஸ் 2012ல் அவனைக் கைது செய்தது. தக்கையும் லேபிளும் சாட்சியாயின. 2014ல் பத்து வருஷச் சிறைத் தண்டனை.

கவனியுங்கள். அந்தப் போலி ஒயினைக் குடித்து ஒருவர் கூடச் சாகவில்லை. பணக்காரர்களின் பணம் போயிற்று, அவ்வளவுதான். அதற்கே ஒரு வல்லரசின் போலீஸ் புறப்பட்டது. “குடிகாரனுக்கு நீதியா?” என்று அங்கே எந்தக் கனவானும் கேட்கவில்லை!

பாக்கெட்டில் இருந்தது என்ன?

இனி கருணாபுரத்துப் பாக்கெட்டைப் பாருங்கள். அதற்கு லேபிள் இல்லை, தக்கை இல்லை, வருஷம் இல்லை. அதில் இருந்தது மெத்தனால். சாயம், வார்னிஷ், ரசாயனத் தொழிற்சாலைகளுக்குப் போகும் திரவம். உடம்புக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறும். கண் நரம்பை அரிக்கும், ரத்தத்தை அமிலமாக்கும், மூச்சை நிறுத்தும். வாசனையிலும் ருசியிலும் சாதாரணச் சாராயத்திலிருந்து அதைப் பிரித்தறிவது கஷ்டம். சாயம் போட்ட ஒயினில் படித்த நிபுணர்களே ஏமாந்தார்கள் என்றால், பகலெல்லாம் மூட்டை தூக்கிய மனிதன் இருட்டில் வாங்கிய பாக்கெட்டில் விஷத்தை எப்படிக் கண்டுபிடிப்பான்?

இன்னொன்று. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் போலீஸ் கல்வராயன் மலைக்குப் போகிறது. ஊறல் பானையை உடைக்கிறது, பேரலைக் கவிழ்க்கிறது, படம் பிடிக்கிறது. மலையில் கள்ளச் சாராயம் காய்ச்சுவது வாஸ்தவம், அது குற்றமும்தான். ஆனால் மெத்தனால் ஊறல் பானையில் பிறப்பதில்லை. அது ஆலையில் பிறக்கிறது. டாங்கரில் ஏறி, கணக்குப் புத்தகத்தில் பதிந்து, லைசென்ஸ் காட்டி வெளியே வருகிறது. எந்த இடத்தில் அது கணக்கிலிருந்து நழுவியது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் மலையில் இல்லை, கம்பெனிக் கிடங்கிலும் ஆபீஸ் மேஜையிலும் இருக்கிறது.

மலை மக்களின் நிலை என்ன? ஜாகீர்தார்களின் ஆட்சி அங்கே 1976ல்தான் முடிந்தது. சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில், சென்னை ஹைக்கோர்ட் தானாகவே அந்த மக்களின் வாழ்க்கை வசதி பற்றி வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. ரோடும் ஆஸ்பத்திரியும் பிழைப்பும் தராமல் பானையை மட்டும் உடைத்தால், அடுத்த மாதம் வேறு பானை வரும்.

1907ல் ஒரு பாடம்

ஒயின் தேசமான பிரான்சிலேயே நமக்குப் பாடம் இருக்கிறது. 1907ல் அந்நாட்டின் தெற்கே திராட்சை விவசாயிகளும் கூலிகளும் பட்டினி கிடந்தார்கள். சந்தையில் தேவைக்கு மேல் ஒயின் தேங்கியது. அது போதாதென்று வியாபாரிகள் சர்க்கரையும் தண்ணீரும் கலந்து கலப்பட ஒயின் விற்றார்கள். விலை படுத்துவிட்டது. ஜூன் 9ந் தேதி மான்பெலியே நகரில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் திரண்டார்கள். பிரதமர் கிளமான்சோ பட்டாளத்தை அனுப்பினார். ஜூன் 19, 20 தேதிகளில் நார்போன் நகரில் துப்பாக்கிச் சூடு, ஆறு பேர் பலி. அந்த வட்டாரத்துப் பிள்ளைகளே நிரம்பிய 17ஆம் ரெஜிமெண்ட், சொந்த ஜனங்களை ஒடுக்கும் வேலைக்கு உடன்படாமல் கலகம் செய்தது. அதே மாதக் கடைசியில் கலப்பட ஒயினுக்கு எதிராகச் சட்டம் வந்தது.

இன்று சீமான்கள் மோந்து பார்த்து மெச்சும் பிரெஞ்சு ஒயினின் சுத்தத்துக்குப் பின்னால் அந்த ஜனங்களின் ரத்தமும் இருக்கிறது. சீசாவுக்குள் இருப்பது என்ன என்று சட்டம் கேட்கும்படி செய்தவர்களில் தெருவில் இறங்கிய அந்த உழைப்பாளிகள் முன் வரிசையில் நிற்கிறார்கள்.

என்ன கேட்போம்?

இங்கும் 2024 ஜூனிலேயே மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை உயர்த்தினார்கள். நவம்பரில் ஹைக்கோர்ட் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. சரி. ஆனால் 2023 மேயில் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் இதே மெத்தனால் சாவுகள் நடந்தன. அப்போதும் கைது நடந்தது, விசாரணை நடந்தது. ஒரு வருஷம் கழித்துக் கருணாபுரம்! தண்டனையின் நீளம் மட்டும் உயிரைக் காப்பாற்றாது.

நாம் குடிக்கு வக்காலத்து வாங்கவில்லை. குடி உழைப்பாளி வீட்டு உலையை அணைக்கிறது, பெண்கள் முதுகில் அடியாக விழுகிறது. ஆலை வாசலிலும் சேரியிலும் குடிக்கு எதிராக நாமே பேச வேண்டும், அது நம் கடமை. ஆனால் குடித்தவன் உயிருக்கு விலையில்லை என்று சொல்ல எவனுக்கும் உரிமை கிடையாது.

மெத்தனால் ஒவ்வொரு லிட்டருக்கும் ஆலையிலிருந்து கடைசி உபயோகம் வரை கணக்கு வேண்டும். கணக்கு தவறினால் முதலாளியும் அதிகாரியும் கூண்டில் ஏற வேண்டும். ஜில்லா, தாலுகா ஆஸ்பத்திரிகளில் மாற்று மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும். 2024ல் மூச்சுத் திணறியவர்களைச் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் ஏற்றி அலைந்தார்களே, அது மறுபடி நடக்கக் கூடாது. கல்வராயன் மலைக்கு ரோடும் வேலையும் வேண்டும்.

நான்கு கோடி ரூபாய் சீசாவுக்குள் இருப்பது அசலா போலியா என்று பார்க்க ஒரு சாஸ்திரமே இருக்கிறது. ஐம்பது ரூபாய் பாக்கெட்டுக்குள் இருப்பது சாவா என்று முன்கூட்டியே பார்க்க ஒரு சர்க்கார் ஆள் இல்லை. இந்த அநியாயத்தை ஆலை வாசலில் பேசுங்கள், களத்துமேட்டில் பேசுங்கள். கேட்காத வாய்க்கு எந்த சர்க்காரும் பதில் சொன்னதில்லை!